ஹைப்போதலாமஸுக்கு ஒரு டம்மி

கல்யாணமாகி இருபத்தாறு வருடங்களில் ஒரு முறையாவது ஜெயித்துவிடுவது என்று போன மாதம் முடிவெடுத்தேன். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏசி எத்தனை டிகிரியில் ஓட வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நான் ஏசி மெக்கானிக். ஊரில் உள்ள அலுவலகங்களையெல்லாம் குளிர வைத்துவிட்டு வீடு திரும்பினால், கூடம் இருபத்தேழு டிகிரியில் வெந்துகொண்டிருக்கும். என் மனைவி பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவள். நாளெல்லாம் கூடத்து மேஜையில் அவளுக்கு ஒற்றெழுத்து வேட்டை. நான் போய் இருபதாகக் குறைப்பேன். அவள் எழுந்து ஏற்றுவாள். நான் குறைப்பேன். சுவரில் இருந்த தெர்மோஸ்டாட் பெட்டியில் பொத்தான்களின் எழுத்தெல்லாம் எங்கள் விரல் பட்டே தேய்ந்துவிட்டது.

"இனிமே மாடி வீட்டு அக்கா கிட்ட போய் உக்காந்து வேலை பாத்துக்கறேன்," என்றாள் ஒரு நாள்.

எனக்குத் திக்கென்றது. அவள் இல்லாத கூடத்தில் குளிரை வைத்துக்கொண்டு நான் என்ன, காய்கறியா விற்கப் போகிறேன்? எனக்குக் குளிரும் வேண்டும், அவளும் வேண்டும்.

சமாதானம் பேசப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன பாடம் திருத்தற?"

"ஹைப்போதலாமஸ்."

"யாரு, புதுசா வந்த மேனேஜரா?"

"மூளைக்குள்ள இருக்குங்க. தலாமஸ்னு ஒண்ணு, அதுக்குக் கீழ இது. பாதாம் பருப்பு அளவுதான்."

"அத்தனூண்டு என்னத்தைக் கிழிக்கும்?"

"பசி, தாகம், தூக்கம், எல்லாம் அது பொறுப்பு. உடம்புல சூடு ஏறினா வேர்க்க வைக்கும். இறங்கினா நடுங்க வைக்கும். அதுக்குக் கீழ ஒரு காம்புல பிட்யூட்டரி சுரப்பி தொங்குது. மத்த சுரப்பிக்கெல்லாம் அதுதான் தலைவர். ஆனா அந்தத் தலைவருக்கு உத்தரவு போடறது ஹைப்போதலாமஸ்."

"அப்ப தலைவர் பேருக்குத்தானா?"

"எல்லா இடத்துலயும் அப்படித்தானேங்க," என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

எனக்கு வேறொன்று பிடிபட்டது. சூடு, குளிர், உத்தரவு. இது நம்ம தெர்மோஸ்டாட் அல்லவா. தெர்மோஸ்டாட்டை ஏமாற்றத் தெரியாதவன் என்ன மெக்கானிக்?

எங்கள் தொழிலில் 'டம்மி' என்று ஒன்று உண்டு. பெரிய அலுவலகங்களில் சில சுவர்ப் பெட்டிகளுக்குப் பின்னால் வயரே இருக்காது. நாம் அழுத்துகிற எண்ணை மட்டும் பேட்டரியில் காட்டும். ஊழியர் வந்து அழுத்துவார். எண் மாறும். "இப்பதான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மறுநாள் அவள் அச்சகத்துக்குப் போயிருந்த நேரம், என்னோடு வேலை செய்யும் ஸ்பேனர் அண்ணனை அழைத்து வந்து காரியத்தை முடித்தேன். அவள் மேஜைப் பக்கத்துச் சுவரில் டம்மி. வயரோடு அசல் பெட்டி, என் நாற்காலிக்குப் பக்கத்தில், புத்தக அலமாரிக்குப் பின்னால். அவள் இருபத்தேழை அழுத்தினாள். நான் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு இருபதை அழுத்தினேன். மாடி வீட்டுப் பேச்சு அன்றோடு நின்றது.

முதல் இரண்டு நாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் கழற்றிவிட்டாள்.

"குளிரலையா?"

"இருபத்தேழுல என்னங்க குளிரு?"

"உனக்குக் குளிர் விட்டுப் போச்சு," என்றேன், இரண்டு அர்த்தத்திலும்.

"ஆமாங்க," என்றாள். அவளும் இரண்டு அர்த்தத்தில்தான் சொன்னாள் என்பது அப்போது தெரியவில்லை.

என்ன சுகமான நாட்கள். மதியங்களில் நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பேன். ஏசி தன்பாட்டுக்கு முனகும். அவளுடைய சிவப்புப் பேனா தாளின் மேல் எறும்பு போல ஊர்ந்து போகும். அந்தச் சத்தம் கேட்காத வீட்டில் எனக்குத் தூக்கம் வராது.

சால்வைக்குள் கொஞ்சம் புழுங்கியது. பதினெட்டாகக் குறைத்தேன். பதினெட்டாயிற்றே என்று மேலே ஒரு கம்பளியும் போர்த்தினேன்.

"வேர்க்குதே உங்களுக்கு?"

"டீ குடிச்சேன்ல."

"அது காலைல."

"காலைல குடிச்சா இப்ப வேர்க்கக் கூடாதுன்னு உன் பாடத்துல போட்டிருக்கா?"

அவள் பேனாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

பத்தாம் நாள், தண்ணீர் கேட்க மேஜைப் பக்கம் குனிந்தபோது என் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு அவள் தாளில் விழுந்தது. புடவைத் தலைப்பால் ஒற்றினாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஜெயித்தவன் எத்தனை நாள்தான் வாயைக் கட்டுவது?

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. உன் ஹைப்போதலாமஸை நான் பத்து நாளா ஏமாத்திட்டு இருக்கேன்." எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் பேனாவை மூடினாள். "உங்க பெட்டியை எடுத்துப் பாருங்க."

அலமாரிக்குப் பின்னால் கையை விட்டேன். பெட்டி அப்படியே கையோடு வந்தது. பதினெட்டு என்று பளிச்சென்று காட்டியது. பின்னால் வயர் இல்லை.

"வயரு?"

"என் பெட்டிக்கு வந்து எட்டு நாளாச்சு. ஸ்பேனர் அண்ணனைக் கூப்பிட்டேன். 'ஒரு வீட்டுக்கு ஒரு டம்மி போதும் தங்கச்சி, யாருக்குன்னு நீயே சொல்லு'ன்னாரு."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பெட்டி இருபத்தேழுன்னுது. உடம்பு நடுங்குது. நான் உடம்பைத்தான் நம்பினேன்."

கம்பளியைக் கழற்றினேன். சால்வையைக் கழற்றினேன். கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சட்டும் என்று கேட்டேன். "அப்ப ஏமாந்தது என் ஹைப்போதலாமஸா?"

"அதை ஏன் திட்டறீங்க? எட்டு நாளா வேர்க்க வெச்சு வேர்க்க வெச்சு அது சொல்லிட்டேதான் இருந்துது," என்றாள் அடுத்த தாளை எடுத்தபடி. "பாவம், சொன்னா கேக்கற மூளை அதுக்கு வாய்க்கலை."