இருபது கன்றும் ஓர் ஆமீனும்

இந்த வசந்தத்தில் பழத்தோட்டம் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். நான் முடிவு செய்தால் செய்ததுதான். எங்கள் வீட்டில் எல்லா முடிவுகளையும் நான்தான் எடுக்கிறேன். என்ன முடிவு எடுத்தேன் என்பதை மட்டும் என் மனைவி மஸ்தூரா பிறகு எனக்குச் சொல்வாள்.

விஷயம் கம்பர் வீட்டில் ஆரம்பித்தது. நாங்கள் பள்ளித் தோழர்கள் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடிப் புலாவ் சாப்பிடுவது வழக்கம். கம்பர் தன் ஆப்ரிகாட் மரத்தடியில் ஜமக்காளம் விரித்து எங்களை உட்கார வைத்தான். அது குளிர்காலம் முடிகிற சமயம். மரத்தில் ஓர் இலை கிடையாது. இருந்தாலும் ராஜா மாதிரி அதில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"நெமத், உன் கொல்லையிலே என்னடா இருக்கு?"

"குதிரைமசால்."

"அது யாருக்கு?"

"மாட்டுக்கு."

"சரி, உனக்கு?"

சிரித்த சிரிப்பில் ஒருவனுக்குப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. எனக்கு நமங்கான் சந்தையில் டிராக்டர் உதிரிபாகக் கடை. பாதி என்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் "அண்ணே, நீங்கதான் காப்பாத்தணும்" என்று என் காலில் விழாத குறை. அப்படிப்பட்டவன் நான் ஒரு மாட்டுக்குக் கீழே வாழ்கிறேன் என்று ஊர் சிரிப்பதா?

வீட்டுக்கு வந்தேன். மஸ்தூரா பால் கறந்துகொண்டிருந்தாள். மாட்டின் பெயர் ஓலா. கறுப்பும் வெள்ளையுமாக, கொழுகொழுவென்று, வீட்டுச் சொந்தக்காரி மாதிரி நின்றது.

"மஸ்தூரா, கொல்லையை உழப்போறேன்."

"எதுக்கு?"

"பழத்தோட்டம். இருபது ஒட்டுக்கன்னு."

"ஓலா என்ன தின்னும்?"

"ஆப்பிள் தின்னட்டும்."

"ஆப்பிள் காய்க்கிற வரைக்கும்?"

"வைக்கோல் வாங்கிப் போடறேன்."

"வைக்கோல் தின்னா பாலேடு வருமா? காலையிலே ரொட்டியிலே எதைத் தடவிக்குவீங்க? கடையிலேருந்து கிரீஸ் கொண்டு வருவீங்களா?"

"அடியே, எனக்கும் ஊர்லே ஒரு மரியாதை வேணாமா?"

"மாடு வச்சிருக்கறவனுக்கு மரியாதை இல்லேன்னு யார் சொன்னது?"

"கம்பர் சொன்னான்."

"கம்பர் வீட்டுக்குப் பாலேடு எங்கேருந்து போகுதுன்னு கேட்டீங்களா?"

இதற்கு மேல் விட்டால் தோற்றுவிடுவேன் என்று தெரிந்தது. குரலை உயர்த்தினேன். "நான் சொல்லிட்டேன்னா சொல்லிட்டேன்! கொல்லை என்னுது! தோட்டம் வரும்!" ஓலாவே திரும்பிப் பார்த்தது.

பால் வாளி பறந்து வரும் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் விலகி நின்றேன். வாளி வரவில்லை.

"சரிங்க," என்றாள் மஸ்தூரா.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இத்தனை இனிமையாகச் 'சரிங்க' சொல்லி நான் கேட்டதில்லை. வேறொரு புருஷனாக இருந்தால் அங்கேயே பயந்திருப்பான். நான் என் குரலில் ஒரு கம்பீரம் கூடியிருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

கன்று எடுக்கச் சந்தைக்குக் கிளம்பியபோது "நானும் வர்றேங்க" என்றாள். வரட்டும், கற்றுக்கொள்ளட்டும் என்று அழைத்துப் போனேன்.

கன்றுக்காரர் துர்தியலி கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார். இலை இல்லை, மண் இல்லை. மேலே குச்சி, கீழே வேர், அவ்வளவுதான். அடுப்புக்கு வைத்த விறகு என்று சொன்னாலும் நம்பலாம். நான் தடியாக, உயரமாக இருந்ததாகப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"ஏங்க, பொண்ணு பாக்கறீங்களா, கன்னு பாக்கறீங்களா? உயரத்தை விடுங்க, வேரைப் பாருங்க."

கட்டைத் தலைகீழாகத் திருப்பினாள். மயிரிழை வேர் நிறைய இருக்கிறதா என்று விரலால் கோதிப் பார்த்தாள். பட்டையை நகத்தால் சுரண்டினாள். உள்ளே பச்சையாக இருந்தால் இந்தப் பக்கம், பழுப்பாக இருந்தால் அந்தப் பக்கம். நான் பொறுக்கியதெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. துர்தியலி என்னை விட்டுவிட்டு அவளிடமே பேச ஆரம்பித்தார்.

எனக்குக் குளிர்காலம் முழுக்க வைத்துத் தின்கிற கெட்டியான சிவப்பு ஆப்பிள்தான் வேண்டும். மஸ்தூரா தலையசைத்தாள்.

"பேரிக்காய் எடுக்கலாங்க. வாயிலே வச்சாக் கரையற ஜாதி. அப்புறம் பீச்சு."

"ஏன், ஆப்பிளுக்கு என்ன குறைச்சல்?"

"அதுக்குப் பல்லு வேணுமே."

"எனக்குத்தான் பல்லு இருக்கே!"

"எப்பவும் இருக்குமா?"

என் கிழப்பருவத்தைப் பற்றி எனக்கு முன்னால் அவள் யோசித்திருக்கிறாள். எனக்கு மனசு இளகிப் போயிற்று. மெத்தென்ற பேரிக்காய் பத்து, பீச் பத்து என்று சொல்லிவிட்டேன்.

"எப்போ அனுப்பட்டும்?" என்றார் துர்தியலி.

"வெள்ளிக்கிழமை," என்றாள் மஸ்தூரா.

நல்ல நாள். ஞாயிற்றுக்கிழமை ஹஷாருக்குக் கம்பர் கூட்டத்தை ஏற்கெனவே கூப்பிட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவன் வீட்டு வேலை என்றால் எல்லோரும் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். கூலி கிடையாது, புலாவ் உண்டு. அவர்கள் குதிரைமசாலைக் கொத்திக் குழி வெட்ட, நான் கை நீட்டி இடம் காட்ட வேண்டியதுதான். எல்லாம் கனகச்சிதம்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. வேரைச் சேற்றில் தோய்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, இருபது கன்றும் வாசலில் இறங்கின. ஹஷார் வரைக்கும் கொல்லை வாய்க்காலில் ஊறப் போடலாம் என்று தூக்கிக்கொண்டு போனேன். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ஒரு தவளை மட்டும் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"மஸ்தூரா! தண்ணி எங்கேடி?"

"நம்ம கரைக்குச் செவ்வாய்க்கிழமைதானே முறை."

இந்த மாதிரிச் சின்ன விஷயங்களை அவள் பார்த்துக்கொள்வாள். நான் பெரிய விஷயங்களை மட்டும் பார்ப்பது. வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரோ டீக்கே போதாது. காற்று வேறு சுள்ளென்று அடித்தது. சாக்கின் ஓரம் காய ஆரம்பித்துவிட்டது.

"வேர் காஞ்சா என்ன ஆகும்?"

"விறகு ஆகும்."

"இப்ப என்ன பண்றது?"

"எனக்கென்னங்க தெரியும்? நீங்கதான் தோட்டக்காரர்." மாவு பிசைய உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பெருமூச்சு விட்டாள். "பெரிய கால்வாய்க்கு அக்கரையிலே இருக்கறவங்களுக்கு இன்னிக்கித் தண்ணி. கொடுத்து வச்சவங்க."

அக்கரை! என் மூளையில் பளிச்சென்று விளக்கு எரிந்தது.

"மஸ்தூரா! உங்க அம்மா வீடு அக்கரையிலேதானே?"

"அட, ஆமாங்க!"

"செவ்வாய் வரைக்கும் கன்னை அங்கே மண்ணுக்குள்ளே வச்சிருந்து, அப்புறம் எடுத்துக்கிட்டு வந்துட்டா?"

"உங்களுக்கு எப்படிங்க இதெல்லாம் தோணுது!"

எப்படியோ தோன்றுகிறது. சில பேருக்குத் தோன்றும், சில பேருக்குத் தோன்றாது. தள்ளுவண்டியில் கன்றுகளை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். மஸ்தூராவும் மாவை மூடி வைத்துவிட்டுக் கூடவே வந்தாள்.

பொக்கை வாய்க்காரரான என் மாமியார் ரோபியா தனியாக இருக்கிறார். பனியில் பட்டுப்போன பழைய மரங்களைப் போன வருஷம் வெட்டியாயிற்று. அதிலிருந்து அந்தக் கொல்லை மொட்டையாகக் கிடந்தது. இன்று பார்த்தால் வரிசையாகக் குழிகள்.

"இதென்ன அத்தே, இத்தனை குழி?"

"உருளைக்கிழங்கு போடலாம்னு, மாப்பிள்ளே."

எட்டிப் பார்த்தேன். முழங்கால் ஆழம். அடியில் மக்கிய எரு.

"உருளைக்கிழங்குக்கு இவ்வளவு ஆழமா?"

"பெரிய ஜாதிக் கிழங்கு."

எத்தனை குழி என்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

"எல்லாத்தையும் ஒரே பள்ளத்திலே கட்டா வச்சிடலாம்," என்றேன்.

"வேரும் வேரும் பின்னிக்கிட்டா, செவ்வாய்க்கிழமை பிடுங்கறப்போ அறுந்துடாதா?" என்றாள் மஸ்தூரா. "குழிதான் சும்மாக் கிடக்கே. ஒண்ணுக்கு ஒண்ணு தனியா நிக்கட்டும்."

நியாயம்தானே? வேரைக் குடை மாதிரி விரித்து, ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி நிறுத்தி, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து, மடையைத் திறந்துவிட்டேன். சொல்லக்கூடாது, எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இருபதும் கோடு கிழித்த மாதிரி நின்றன. "மாப்பிள்ளை கை ராசியான கை," என்றார் மாமியார். இன்னும் இருபது கொடுத்தாலும் நட்டிருப்பேன்.

நிமிர்ந்தால் தரையில் விரிப்பு போட்டாயிற்று. தந்தூர் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த சம்சா, உள்ளே இளவேனிற் கீரை, மேலே வெண்ணெய். அக்கரை ஜனம் பத்துப் பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை. நடுவில் தெருப் பெரியவர் தோஜிபாய். சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். உழைத்தவன் அல்லவா?

சாப்பிட்டு முடித்ததும் பெரியவர் துஆவுக்குக் கையேந்தினார். எங்கள் ஊரில் ஒருவர் கையேந்தினால் எல்லார் கையும் தானாக மேலே போகும். அதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை.

"யா அல்லாஹ்! இந்தக் கன்னுங்க இந்த மண்ணுலயே வேர் பிடிக்கட்டும். இந்த வீட்டு அம்மா இதோட பழத்தை வயிறாரத் தின்னட்டும். பெத்த பிள்ளை செய்யாததைச் செஞ்ச இந்த மாப்பிள்ளையோட கைக்கு நோய்நொடி வராம இருக்கட்டும்."

'மாப்பிள்ளை' என்றதும் எனக்குத் தலை கால் புரியவில்லை.

"ஆமீன்!" என்றேன். எல்லாரையும் விடச் சத்தமாக. இரண்டு கையாலும் முகத்தைத் தடவினேன். கை தாடைக்கு வந்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது.

நட்ட மரத்துக்கு ஆமீன் சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் அதை யாரும் பிடுங்க மாட்டார்கள். ஹோல்மத் என்று ஒருவன் பிடுங்கினான், கார் ஷெட்டுக்கு இடைஞ்சல் என்று. அதற்கப்புறம் அவன் வீட்டு ஹஷாருக்கு ஒரு ஆள் போகவில்லை. தனியாகவே ஷெட் கட்டினான். அது இன்னும் சாய்ந்துகொண்டுதான் நிற்கிறது.

"பெரியவரே," என்று எழுந்தேன். "இது செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான்..."

"செவ்வாய்க்கிழமை என்னப்பா?"

பத்து ஜோடிக் கண்கள் என்மேல். மாமியாரின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அந்த அம்மாள் முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டார்.

"செவ்வாய் வரைக்கும் இந்தத் தண்ணி போதும்னு சொல்ல வந்தேன்," என்று உட்கார்ந்தேன்.

பாலத்தில் வரும்போது மஸ்தூராவை மடக்கினேன்.

"இது உன் வேலைதானே?"

"நான் என்னங்க பண்ணினேன்? அம்மா வீட்டிலே வைக்கலாம்னது யாரு?"

"நான்."

"நட்டது யாரு?"

"நான்."

"ஆமீன் யாரு சொன்னது?"

"எல்லாருந்தான் சொன்னாங்க!"

"உங்க சத்தம்தான் நம்ம வீடு வரைக்கும் கேட்டிருக்கும்."

சரி, போகட்டும். ஒரு சண்டையில் தோற்பவன் போரில் தோற்றவன் அல்ல. கொல்லை எங்கே போகும்? ஞாயிற்றுக்கிழமை ஆள் வரும், குதிரைமசால் போகும், திங்கட்கிழமை துர்தியலியிடம் இன்னும் இருபது சொல்லுவேன். இந்தத் தடவை ஆப்பிள். இதை நான் மஸ்தூராவிடம் சொல்லவில்லை. தூக்கத்தில் சொன்னேனோ என்னவோ.

ஞாயிறு காலையில் மஸ்தூரா சீக்கிரமே வெளியே போய்விட்டாள். நல்லதாகப் போயிற்று என்று பெரிய கெட்டிலில் டீ போட்டு வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. டீ ஆறியது. இன்னொரு கெட்டில் போட்டேன். அதுவும் ஆறியது. அப்போது அக்கரையிலிருந்து மண்வெட்டிச் சத்தம். அதற்கு மேலே கம்பரின் சிரிப்பு.

ஓடினேன். என் ஹஷார் கூட்டம் முழுக்க மாமியார் கொல்லையில். மண் குழைத்து, கன்றுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அண்டாவில் புலாவ் கொதித்தது. கரண்டியோடு மஸ்தூரா.

"வாடா, வா!" என்றான் கம்பர். "இடம் மாறிடுச்சுன்னு உன் சம்சாரம் வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போச்சு. புதுத் தோட்டத்துக்கு மாடு வராம சுவர் வேணுமாமே!"

"கம்பர், நான் சொல்றதைக் கேளு..."

"என்னத்தைக் கேக்கறது? மாமியாருக்குத் தோட்டம் போட்டுக் கொடுத்தவன் நம்ம கூட்டத்திலே எவன்டா இருக்கான்? என் பொண்டாட்டி ராத்திரியெல்லாம் என்னைத் தூங்க விடலே. 'நெமத்தும் ஒரு ஆம்பளை, நீங்களும் ஒரு ஆம்பளை'ன்னு."

எல்லாரும் மண்வெட்டியை ஊன்றி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. நான் கேட்ட மரியாதையேதான், குறைவில்லாமல். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சொல்ல மனசும் வரவில்லை.

"மாப்பிள்ளே, வெளியே நிக்காதீங்க, உள்ளே வாங்க," என்றார் மாமியார். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி மிதிக்க ஆரம்பித்தேன்.

சாயங்காலம் சுவர் இடுப்புயரம் எழும்பி நின்றது. புலாவ் தீர்ந்தது. கூட்டம் கலைந்தது. மஸ்தூரா பேரிக்கன்று வரிசைக்கு நடுவில் ஜமக்காளத்தை விரித்தாள், திண்டு வைத்தாள், டீயை ஊற்றிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். நானும் செருப்பைக் கழற்றினேன்.

"ஏங்க, செருப்பைக் கழட்டாதீங்க. ஓலா பசியிலே கத்துது பாருங்க. ரெண்டு கட்டு மசால் அறுத்துப் போட்டு, பாலையும் கறந்து வச்சிடுங்க. நான் நம்ம தோட்டத்திலே கொஞ்சம் காத்தாட உக்காந்துட்டு வர்றேன்."

இரண்டல்ல, மூன்று கட்டாக அறுத்துப் போடுவது என்று நான் முடிவு செய்தேன்.