கிளட்ச்சுக்கு இரண்டு தட்டு

என் மச்சான் முருகேசன் சொன்ன ஒரு விஷயத்தை மூன்று வருஷமாக நான் நம்பவில்லை. நம்பாததில் ஒரு பெருமையும் இருந்தது.

தன் பைக்கை எனக்கு விற்ற அன்று, சாவியோடு சேர்த்து அதையும் கொடுத்தான்.

"எப்பனா ஸ்டார்ட் ஆவலன்னா கிளட்ச்சு லிவர ரெண்டு தட்டு தட்டுங்க மாமா. ஆயிரும்."

"வண்டியா மாடாடா? தட்டிக் குடுத்தா நடக்குறதுக்கு?"

விருத்தாசலத்தில் ஒரே பீங்கான் கம்பெனியில்தான் இருவருக்கும் வேலை. அச்சில் களிமண் கரைசல் ஊற்ற வேண்டும். அவன் பத்தாவது ஃபெயில். நான் டிப்ளமா. டிப்ளமா படித்தவன் லிவரைத் தட்டுவானா?

வண்டி வாரத்துக்கு இரண்டு நாள் மக்கர் பண்ணியது. பட்டனை அமுக்கினால் சத்தமே வராது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஒரே அமுக்கில் கிளம்பிவிடும்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது சார். உங்களுக்குத்தான் ரெஸ்ட் வேணும் போல."

பேட்டரியை மாற்றினேன். ரிலேயை மாற்றினேன். ஸ்டார்ட்டர் மோட்டாரையே கழற்றி மாட்டச் சொன்னேன். லிவரை மட்டும் தட்டவில்லை.

அன்று மகள் கவிதாவை அரசு வேலைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட வேண்டும். ஒன்பது மணிக்கு ஸ்கூல் கேட்டை மூடிவிட்டால், கலெக்டரே வந்தாலும் திறக்கமாட்டார்கள்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்தேன். நியூட்ரலில் போடவில்லை. திறந்ததும் முதல் ஆளாகப் பாய வேண்டாமா?

திறந்தது. கிளட்ச்சைப் பிடித்துப் பட்டனை அமுக்கினேன். சத்தமே இல்லை.

பின்னால் ஓடு ஏற்றிய லாரி. "யோவ் பெருசு! ரயிலுதான் போயிடுச்சே, இன்னும் என்னய்யா வேடிக்க?"

"அப்பா, மணி எட்டே முக்கா! மாமா ஏதோ தட்டச் சொல்லுவாருல்ல?"

"அதெல்லாம் மூடநம்பிக்கம்மா."

"நீங்க இப்ப இருவது வாட்டி அமுக்குனீங்களே, அது விஞ்ஞானமா?"

அவளே மாமாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"இன்னுமா மாமா தட்டல?"

கேட்டில் நின்ற எல்லோர் காதிலும் விழுந்தது. "அதான் சொல்றாருல்ல, தட்டித் தொலைய்யா!" என்றார் லாரிக்காரர்.

ஊர் பார்க்க இரண்டு தட்டு தட்டினேன். கிளம்பியது, சனியன்!

கவிதா உள்ளே ஓடிய இரண்டாவது நிமிஷம் கேட்டை இழுத்து மூடினார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ மச்சான் ஜெயித்ததுதான் உறுத்தியது. இதெல்லாம் ஒரு மனசா?

ரயில்வே கேட்டில் வண்டி கியரில் நின்றது அப்போதுதான் உறைத்தது. நேராக மெக்கானிக்கிடம் போனேன்.

"நியூட்ரல்ல வேணாம், கியருல போட்டு அமுக்கிப் பாருப்பா."

அவனுக்கும் சத்தம் வரவில்லை. லிவரைக் கழற்றினான். அடியில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு சுவிட்சு. கியரில் இருக்கும்போது, கிளட்ச்சைப் பிடித்திருக்கிறோம் என்று வண்டிக்குச் சொல்வது அதுதானாம். நியூட்ரலில் அதற்கு வேலையே இல்லை. அதனால்தான் இங்கே வந்தால் மட்டும் ஒழுங்காகக் கிளம்பியிருக்கிறது. சுவிட்சுக்குள் வெள்ளையாகக் காய்ந்து இறுகிய களிமண். தட்டினால் அது கொஞ்சம் அசைந்து சுவிட்சுக்கு வழி விட்டிருக்கிறது.

"கையக் கழுவாம வண்டிய எடுப்பீங்களா சார்?"

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் வாசலில் முருகேசனைப் பிடித்தேன். அவன் கையைக் காட்டித் திட்டலாம் என்று நினைத்தபோது என் கை கண்ணில் பட்டது. முழங்கை வரை வெள்ளை. மெதுவாக முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஏன் மச்சான், அத்தன வருசம் அந்த வண்டிய ஓட்டுனியே, ஒரு நாளாவது கையக் கழுவிட்டு ஏறணும்னு ஒனக்குத் தோணுச்சாடா?"