தேங்காய்க்கும் பெர்மிட் எடுத்த மனிதர்

லண்டனில் குப்பைக்கு மரியாதை வாங்கிக் கொடுத்த ஒரே தமிழர் பெர்மிட் அண்ணைதான். இதை மறுப்பவர்கள் எனக்குக் கடிதம் எழுதலாம். பதிலை அவரே போடுவார், மூன்று பிரதிகளில்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ரெய்னர்ஸ் லேன் பகுதியில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு வெள்ளை வான் வைத்துக்கொண்டு எங்கள் கடைகளின் குப்பையை ஏற்றிப் போவார். இந்த ஊரில் கடைக் குப்பையை யாரும் நினைத்தபடி ஏற்ற முடியாது, அதற்குப் பெர்மிட் வேண்டும். மற்றவர்கள் அதை எங்காவது ஒரு பைக்குள் வைத்திருப்பார்கள். அண்ணையோ பிளாஸ்டிக் உறை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, வானுக்குள் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். சரஸ்வதி பூசைக்கு ஊரெல்லாம் புத்தகம் அடுக்க, அவர் பெர்மிட்டை வைத்துக் கும்பிடுவார்.

நான் மரக்கறிக் கடை திறந்த முதல் வாரம், பத்து வெறும் பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் பெட்டியைத் தொடவில்லை. ஒரு படிவத் துண்டை நீட்டினார். என்ன கழிவு, யாருடையது, எங்கே போகிறது என்று எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"அண்ணை, இது வெறும் பெட்டியெல்லோ?"

"உம்மட கடைக்குள்ள இருக்குமட்டும் பெட்டி. வாசலைத் தாண்டினால் வணிகக் கழிவு. துண்டு இல்லாமல் தூக்க ஏலாது."

"சரி, ரெண்டு வாடின முருங்கைக்காயும் உள்ளுக்குக் கிடக்கு."

"அதை ஏன் முதல்ல சொல்லேல்லை?" என்று துண்டைக் கிழித்துவிட்டு, புதிதாக இன்னொன்று எழுதினார்.

அன்றிலிருந்து வாராவாரம் துண்டு நீட்டுவார், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். இரண்டாம் மாதம் தாண்டியபின் ஒருவரும் அதை வாசித்ததில்லை. நான் ஒரு கையால் வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டே மறு கையால் போடுவேன்.

தன் மகளின் கலியாணத்திலும் ஆள் மாறவில்லை. பந்தி முடிந்து வாழையிலைகள் குவிந்ததும், பட்டு வேட்டி சால்வையோடு மாப்பிள்ளையின் தகப்பனைத் தேடிப் போனார். "சம்பந்தி, கோவிக்காதேங்கோ. உங்கட பக்கத்துச் சாப்பாட்டுக் கழிவுக்கு இதில ஒரு கையெழுத்து." சம்பந்தி மோர்டனில் கடை வைத்திருப்பவர். கண்ணாடியை எடுத்துப் போட்டு, காணி உறுதிப் பத்திரம் வாசிப்பதுபோல வரி வரியாக வாசித்து, இரண்டு பிழை திருத்திய பிறகுதான் போட்டார். தனக்கு ஏற்ற சம்பந்தி கிடைத்துவிட்டார் என்று அண்ணைக்கு அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இப்படி நாங்கள் சிரித்துத் திரிந்த காலத்தில்தான் எங்கள் முருகன் கோவில் தேர் தெருவில் ஓட முதன்முதலாகக் கவுன்சில் சம்மதித்தது. எங்கள் தேர் என்றால் தேங்காய். வீதி முழுக்கச் சிதறும். கவுன்சிலின் நிபந்தனை எளிமையானது: பின்னேரம் நாலு மணிக்குள் தெரு துப்புரவாக வேண்டும், ஏற்றும் வான் ஒவ்வொன்றுக்கும் அந்த நாளுக்கான தற்காலிகப் பெர்மிட் இருக்க வேண்டும். தவறினால் அடுத்த வருடம் தேர் கோவில் கார் பார்க்குக்குள்தான் சுற்றும்.

கூட்டத்தில் கோவில் தலைவர், வான் வைத்திருக்கும் அடியார்களே ஏற்றுவார்கள் என்றார். அண்ணை எழும்பினார்.

"ஆரிட்டப் பெர்மிட் இருக்கு?"

தலைவர் சிரித்தார். "அண்ணை, இது தொண்டு. முருகன்ர வேலைக்கு ஆர் பெர்மிட் கேக்கிறது?"

மண்டபமே சிரித்தது. மறைப்பானேன், நானும் சிரித்தேன். அண்ணை சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு திரும்பவும் கதிரையில் அமர்ந்தார்.

அதன்பிறகு அவர் கோவில் வாசலில் நின்று வான் நம்பர்களைக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். கவுன்சிலுக்கு எங்களைக் காட்டிக் கொடுக்கிறார் என்று கதை பரவியது. இரண்டு பேர் அவரோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

தேர் நாள் வந்தது. தேர் சுற்றி முடித்து இருப்பிடத்துக்கு வந்தபோது தெருவில் தேங்காய்ச் சிரட்டை கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. பத்து வான்கள் வரிசையில் நின்றன. என்னுடையது மூன்றாவது. நாலாவது வானுக்குள் முதல்நாள் யாருடையதோ கலியாணத்துக்குக் கொண்டுபோன மணவறை அலங்காரம் இன்னும் இறக்காமல் இருந்தது. முதல் சாக்கை ஏற்ற முன்னமே மஞ்சள் ஜாக்கெட் போட்ட கவுன்சில் அதிகாரி கையைக் காட்டி மறித்தார்.

"பெர்மிட்?"

தலைவர் தொண்டு வேலை பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு பிரசங்கம் செய்தார். அதிகாரி பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "நல்லது. பெர்மிட்?" என்றார்.

நேரம் இரண்டரை. இத்தனை வருடம் கேட்டு வாங்கிய தெரு எங்கள் கண் முன்னாலேயே கைவிட்டுப் போகப்போகிறது.

அப்போதுதான் வெற்றுடம்பும் திருநீறுமாக, தேர் வடம் பிடித்துச் சிவந்த கையில் ஒரு தடித்த கோப்போடு பெர்மிட் அண்ணை வந்தார். வான் நம்பர், உரிமையாளர், கையெழுத்து, கவுன்சில் முத்திரை என்று ஒவ்வொன்றாக அதிகாரியின் கையில் வைத்தார். மூன்றாவதில் என் கையெழுத்து. வெண்டிக்காய் நிறுத்தபோது போட்டது! ஒரு மாதமாக வாராந்தத் துண்டோடு விண்ணப்பத்தையும் சேர்த்து நீட்டியிருக்கிறார், நாங்களும் வழக்கம்போல வாசிக்காமல் போட்டிருக்கிறோம். வாசித்துப் போட்டவர் ஒரே ஒருவர்தான், சம்பந்தி. அவர் ஏழாவது வானில் சாய்ந்தபடி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"கழிவு என்ன வகை?" என்று அதிகாரி கேட்டார்.

"தேங்காய். கடவுளுக்குக் குடுத்து முடிஞ்சது. மிச்சம் உங்களுக்கு," என்று அண்ணை தன் ஜேர்மன் வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் சொன்னார்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "ஒன்பதுதான் இருக்கிறது."

"தலைவரின்ர வானுக்கு இல்லை. அவர் கையெழுத்துப் போட மாட்டன் எண்டவர்."

தலைவர் அண்ணையின் வானில் பின்னால் ஏறி, சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கத் தெரு துடைத்துவிட்டதுபோலக் கிடந்தது. இவ்வளவு ஒழுங்கான கோப்பைத் தான் பார்த்ததே இல்லை என்று அதிகாரி எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, அண்ணைக்குக் கை கொடுத்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, என்னவோ நானே படிவம் நிரப்பியதுபோல.

"கேட்டிருந்தால் நாங்களே போட்டிருப்பமே அண்ணை?" என்றேன் பிறகு.

"கேட்டன். சிரிச்சியள்."

அவரே தொடர்ந்தார். "தம்பி, ஜேர்மனியில பதினொரு வருசம் அகதி முகாமில இருந்தனான். என்ர பேருக்கு வந்த கடிதம் எல்லாத்திலயும் ஒண்டுதான்: வேலை செய்யக்கூடாது, ஊர் தாண்டக்கூடாது. இங்க வந்துதான் 'இவர் செய்யலாம்' எண்டு ஒரு கடிதம் வந்தது. அது இந்தப் பெர்மிட். அதுக்குப் பொட்டு வைக்காமல் வேற எதுக்கு வைக்கிறது?"

இப்போது அவர் வானைக் கொடுத்துவிட்டு மோர்டனில் மகளோடு இருக்கிறார். எங்கள் தேர் இந்த வருடமும் தெருவில்தான் ஓடியது. அவருடைய துண்டுகளைச் சட்டப்படி இரண்டு வருடம் வைத்திருந்தால் போதும், பிறகு எறியலாம். நான் ஒன்றையும் எறியவில்லை. இப்போதுதான் ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கிறேன்.