மில்டுரா மழையில் ஒரு கத்தல்

இசைத்தட்டு அப்பளம் ஆகியிருந்தது. நடுவில் குழி, ஓரமெல்லாம் அலை.

நெவில் ட்ரெஸைஸ் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்னால் சாமான் ஏற்றும் தன் யூட் வண்டியின் பக்கத்தில், ஆஸ்திரேலியாவில், பெண்டிகோ ஊரின் பிப்ரவரிக் கோடை வெயிலில் நின்றார். நாற்பத்திரண்டு டிகிரி. ஒரே ஒரு பீர் என்றுதான் மதுக்கடை உள்ளே போனார். ஒரு பீர் குடிக்கிற நேரம் டாஷ்போர்டில் கிடந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தார். உள்ளே தெரிந்த முகங்கள் இருந்தன, ஒன்று மூன்றாயிற்று. பிளாஸ்டிக் சூட்டில் வளையும் என்பது தெரியாத ஆளும் அல்ல. முப்பது வருடமாகக் குழாயைச் சூடு காட்டி வளைத்துப் பிழைக்கிறவர். அந்த அறிவெல்லாம் பீர் இருக்கிற இடத்தில் வேலை செய்வதில்லை.

கெட்டுப்போனது வேறு எந்தத் தட்டாக இருந்திருந்தாலும் பரவாயில்லை. இது அவர் மனைவி ராலீன் கத்தின தட்டு.

ராக் பாடகர் ரெக்ஸ் கார்மோடி 1976-ல் மெல்பர்னில் பாடியதை மேடையிலேயே பதிவு செய்து வெளியிட்டார்கள். அதில் ‘மில்டுரா மழை’ என்று ஒரு பாட்டு. மூன்றாவது சரணத்துக்கு முன்னால் கிட்டார், டிரம்ஸ் எல்லாம் நின்றுவிடும். ரெக்ஸும் வாயை மூடிக்கொண்டு நிற்பார். அந்த நான்கு விநாடி அமைதியில், கூட்டத்திலிருந்து ஒரு பெண் “வீல்” என்று கத்துவாள். அந்தப் பெண் ராலீன். அப்போது இருபது வயது, முதல் வரிசை. நெவில் அந்தக் கச்சேரிக்குப் போகவில்லை. அவர் அப்பா மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்கிறவர். அந்த வீட்டில் ரெக்ஸ் கார்மோடியின் பெயரைச் சொன்னாலே வாயைக் கழுவச் சொல்வார்கள். ஆனால் கல்யாணமான பிறகு அந்தக் கத்தலை ஆயிரம் முறையாவது கேட்டிருப்பார். வீட்டுக்கு வருகிற தபால்காரர் உள்பட எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கத்தல் வருவதற்கு முன்னால் ராலீன் ஒரு விரலைத் தூக்குவாள். “இதோ வர்றேன்,” என்பாள்.

நம்பாத ஒரே ஆள் நெவிலின் அக்கா க்ளெனிஸ். நாத்தனார் எந்த நாட்டில் பிறந்தாலும் நாத்தனார்தான்.

இருபத்தொன்பது வருடம் உதட்டைச் சுழித்ததோடு விட்ட க்ளெனிஸ், போன கிறிஸ்துமஸ் விருந்தில் இறாலை உரித்துக்கொண்டே வாயைத் திறந்துவிட்டாள்.

“அது நீ இல்ல, ராலீன்.”

“ஓ. அப்போ நீ அங்க இருந்தியாக்கும்?”

“அதெல்லாம் எதுக்கு? அது நீ இல்ல. எனக்குத் தெரியும்.”

மேஜையில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். க்ளெனிஸின் கணவர் காலின் கூரையைப் பார்த்தார். அவர் பேசுகிற ஆள் இல்லை. ராலீன் அன்று புட்டிங்கைத் தொடவே இல்லை. இரவு படுக்கையில் நெவிலிடம் மட்டும் சொன்னாள்: “பிப்ரவரியில எனக்கு அம்பது. ஹாலு எடுத்து, ஊரையே கூப்பிட்டு, பெரிய ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டுறேன். எல்லாரும் கேக்கட்டும். கேட்டுட்டு அப்புறம் சொல்லட்டும் நான் பொய் சொல்றவள்னு.”

அந்த பிப்ரவரி இதுதான். விருந்து சனிக்கிழமை. ஹாலில் சிடி மட்டும்தான் போட முடியும் என்றதால், தட்டை ஃபெர்கஸின் கடையில் கொடுத்து சிடியாக்கி வரச் சொல்லி அனுப்பியிருந்தாள். இன்று செவ்வாய்.

நெவில் தட்டை உறையில் திணித்து, சீட்டுக்கு அடியில் தள்ளி, ஃபெர்கஸின் கடைக்கே போனார். ஃபெர்கஸ் நாற்பது வருடமாகப் பாட்டு விற்கிறார். வாங்க வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

“ரெக்ஸ் கார்மோடி, எழுபத்தாறு கச்சேரித் தட்டு இருக்கா?”

“அதையா? பத்து வருஷமா கண்ணால பாக்கல. வச்சிருக்கவன் வெளிய விட மாட்டான், பாஸ். டாஷ்போர்டுல போட்டுக் காயவைக்கிற மடையன் எவனாவது இருந்தாத்தான் உண்டு.”

நெவில் இருமினார். “சிடியில? அவர் பாட்டுல நல்லதெல்லாம் பொறுக்கி எடுத்துப் போட்டிருப்பாங்களே.”

ஃபெர்கஸ் பெருமூச்சு விட்டு ஒரு அலமாரியைக் காட்டினார். முழு வரிசையும் ரெக்ஸ். ‘சிறந்தவை’, ‘மிகச் சிறந்தவை’, ‘தலைசிறந்தவை’, ‘தவிர்க்க முடியாதவை’, ‘என்றும் சிறந்தவை’. இன்னும் பல.

“மனுஷன் மொத்தமே ஒன்பது தட்டுதான் போட்டார். அதுலேர்ந்து பதினாலு தொகுப்பு போட்டுட்டாங்க. உனக்கு எந்தப் பாட்டு வேணும்?”

“மில்டுரா மழை.”

“எந்த மழை?”

“மழைல என்னய்யா எந்த மழை?”

“ஸ்டுடியோவுல பாடின மழை இருக்கு. மேடையில பாடின மழை இருக்கு. கம்பெனிக்காரனோட சண்டை போட்டுட்டு, தொண்டை போனப்புறம் திரும்பப் பாடின மழை இருக்கு. எந்தத் தொகுப்புல எது இருக்குன்னு கவர்ல போட மாட்டான்.”

“ஒருதரம் போட்டுக் காட்டேன்.”

“இது கடை. கேட்டுப் பாக்கணும்னா ரேடியோ இருக்கு.”

நெவில் ‘மிகச் சிறந்தவை’யை எடுத்தார். மிகச் சிறந்ததில் எல்லாம் இருக்கும் என்பது அவர் கணக்கு. வண்டியில் போட்டுப் பார்த்தார். மூன்றாவது சரணத்துக்கு முன்னால் ரெக்ஸ் நிற்கவே இல்லை. ஸ்டுடியோவில் யாருக்காக நிற்பார்?

புதன்கிழமை போய் ‘மேடையில் தலைசிறந்தவை’ வாங்கினார். இதில் ரெக்ஸ் நின்றார். அமைதி வந்தது. நெவில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு தடித்த ஆண்குரல், “சட்டையைக் கழட்டு, ரெக்ஸ்,” என்றது. கூட்டம் சிரித்தது. அது அடிலெய்டில், வேறு வருடத்தில் நடந்த கச்சேரி.

வியாழக்கிழமை ஃபெர்கஸுக்கே இரக்கம் வந்துவிட்டது. ‘என்றும் சிறந்தவை’யை எடுத்து, உறையை உரித்து, உள்ளே பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

“மில்டுரா மழை. மெல்பர்ன், எழுபத்தாறு. போதுமா? இனிமே இந்தப் பக்கம் வராதே.”

நெவிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதைக் கேட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை. யாரோ வீட்டில் கழிவறைக் குழாய் வெடித்து, தரையெல்லாம் குளம் என்று கூப்பிட்டார்கள். வேலையை முடித்து, மூன்று மணிக்கு வீடு வந்து, யூட்டை நிறுத்திவிட்டு நேரே குளிக்கப் போனார். அதுதான் தப்பு.

குளித்துவிட்டு வந்தபோது சமையலறையில் பாட்டு கேட்டது. ராலீன், ஐஸ்பெட்டியைத் தேடி யூட்டுக்குப் போனவள், சீட்டின் மேல் கிடந்த மூன்று சிடிக்களையும் கண்டுபிடித்திருந்தாள். பிறந்தநாள் பரிசு என்று முடிவு கட்டி, முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்து நாற்காலியில் க்ளெனிஸ். விருந்துக்கு எத்தனை பவ்லோவா கேக் செய்ய வேண்டும் என்று கேட்க வந்தவள்.

“வா நெவ், வா. எழுபத்தாறு மெல்பர்ன்னு இதுலயே போட்டிருக்கான்,” என்றாள் ராலீன். “க்ளெனிஸ், சனிக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே கேளு.”

பாட்டு நின்றது. ராலீன் விரலைத் தூக்கினாள். “இதோ வர்றேன்.”

வரவில்லை. நான்கு விநாடியும் சுடுகாட்டு அமைதி. ரெக்ஸ் மூன்றாவது சரணத்தைத் தொடங்கினார். ராலீனின் விரல் மட்டும் மேலேயே நின்றது.

க்ளெனிஸ் சிடி உறையைத் திருப்பிப் படித்தாள். அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் நெவிலுக்கு விசித்திரமாக இருந்தது. அவளுக்கும் முகம் வெளுத்திருந்தது. “‘நவீன முறையில் தூய்மைப்படுத்தப்பட்டது. தேவையற்ற இரைச்சல்கள் அனைத்தும் நீக்கப்பட்டுள்ளன.’ எடுத்துட்டாங்க, பாவிங்க.”

“இரைச்சலா?” என்றாள் ராலீன். “நான் தேவையில்லாத இரைச்சலா?”

“நீன்னு யாரு சொன்னா?” என்றாள் க்ளெனிஸ், பழைய குரலில்.

“போதும் க்ளெனிஸ். சனிக்கிழமை அசல் தட்டுலேர்ந்தே போடுறோம். நெவ், ஃபெர்கஸ் சிடி பண்ணிட்டானா?”

நெவில் துண்டால் தலையைத் துவட்டினார். ஏற்கெனவே காய்ந்த தலை. “நாளைக்குத் தர்றேன்னான்.”

“என் கத்தல் மட்டும் கேக்கலேன்னா நான் கேக் வெட்ட மாட்டேன். அறுபது பேர் முன்னாடி இவ என்னைப் பொய்க்காரின்னு சொல்லுவா. நான் எழுந்து எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.”

ராலீனின் அம்மா டாஸ்மேனியாவில் இருந்தாள். கடல் தாண்டிப் போகிற அளவுக்குக் கோபம் என்று நெவில் புரிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, ஒரு வீட்டின் சமையல் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது, அந்த வீட்டு ரேடியோ அவர் மேல் கருணை காட்டியது. எச்சூகாவில், முன்னாள் ராணுவத்தார் கிளப்பில், இன்று மாலை ஐந்தரைக்கு, ரெக்ஸ் கார்மோடி கச்சேரி, சாப்பாட்டுடன். நெவில் எழுந்த வேகத்தில் தொட்டியில் தலையை இடித்துக்கொண்டார்.

“எச்சூகாவுல ஒரு தண்ணித் தொட்டி வெடிச்சிடுச்சு,” என்று ராலீனுக்குப் போன் செய்தார்.

“இன்னைக்கா? அங்க குழாய்க்காரனே கிடையாதா?”

“பெரிய தொட்டி,” என்றார்.

தொண்ணூறு கிலோமீட்டர். கிளப் வாசலில் வெளியூர்க்காரர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, தொப்பியைக் கழற்றச் சொன்னதும் கழற்றி, சூதாட்ட இயந்திரங்களைத் தாண்டி உள்ளே போனார். இறைச்சியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல் நடந்துகொண்டிருந்தது. நீல நிறச் சீட்டு, அறுபத்தேழு, என்று ஒருவர் மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். கச்சேரி தொடங்க இன்னும் அரைமணி நேரம். மூலையில், தோல் ஜாக்கெட் போட்ட ஒரு கிழவர் பூசணி சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். இவருக்காகவா பெண்கள் கத்தினார்கள் என்று நெவிலுக்கு ஒரு கணம் எரிச்சலாக வந்தது.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. மேலே டி-ஷர்ட்டுகள், சிடிக்கள். பின்னால் வெள்ளை முடிக்கார அம்மாள் ஒருத்தி கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

நெவில் எல்லாவற்றையும் கொட்டினார். பீரிலிருந்து ஆரம்பித்தார். டாஷ்போர்டு, ஃபெர்கஸ், சட்டையைக் கழட்டச் சொன்னவன், தேவையற்ற இரைச்சல், டாஸ்மேனியா, ஒன்றையும் விடவில்லை. அந்த அம்மாள் பின்னுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

“பதினாலுல ஒண்ணுலயும் இருக்காது,” என்றாள். “அதெல்லாம் கம்பெனிக்காரன் போட்டது. இது பதினஞ்சாவது. நாங்களே போட்டது, கடையில கிடைக்காது.” அட்டைப்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, மேஜையிலிருந்த சின்ன சிடி பிளேயரில் போட்டு, ஹெட்ஃபோனை நீட்டினாள்.

நெவில் கேட்டார். கிட்டார் நின்றது. டிரம்ஸ் நின்றது. ரெக்ஸ் வாயை மூடினார். அப்புறம் அது வந்தது; காதைக் கிழிக்கிற, உயிரே போகிற மாதிரியான கத்தல். முப்பது வருடம் தன் வரவேற்பறையில் கேட்டு அலுத்துப்போயிருந்த அந்தச் சத்தத்துக்கு, ஐம்பத்தொரு வயதில், ஒரு கிளப்பின் நடுவில் நின்று அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவளை அவர் அவ்வளவு நேசித்தார் என்பது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது.

“இது என் பொண்டாட்டி,” என்றார்.

அந்த அம்மாள் ஊசிகளைக் கீழே வைத்தாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். பிறகு ஒரு கறுப்புப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள்.

“கவர்ல பேர் எழுதித் தரணுமா? ‘இந்தக் கத்தல் இன்னார்’னு?”

“தருவீங்களா?”

“கேக்குறவங்களுக்கெல்லாம் தர்றதுதான்.”

நெவிலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ராலீன்னு எழுதுங்க. பெரிசா எழுதுங்க. பெண்டிகோவுலேர்ந்து வர்றேன், வந்தது வீண் போகல.”

“பெண்டிகோவா?” அந்த அம்மாள் எழுதிக்கொண்டே சொன்னாள். “இப்பதான் உங்க ஊர்க்காரர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனார், அதிகம் பேசாத மனுஷன். அவர் பொண்டாட்டி அப்பாவுக்குப் பயந்து சபை முகாம்னு பொய் சொல்லிட்டு வந்து கத்தினாளாம், முப்பது வருஷமா வெளிய சொல்ல முடியாம புழுங்குறா, க்ளெனிஸ்னு எழுதிக் குடுங்கன்னார். நாளைக்கு ஏதோ பிறந்தநாள் விருந்தாம், எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டப் போறாங்களாம்.”