கல்லய்யாவின் செப்புக் குழாய்

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அந்தப் படிக்கட்டில் மூட்டுவலிக்காரர்கள்கூட முனகாமல் ஏறினார்கள். இறங்கி வருகிறவர்கள் முகத்திலோ அப்படியொரு பிரகாசம். ஆளுக்கொரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்கு மேல் ஒரு கல். சொந்த வயிற்றிலிருந்து வந்த கல்! பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்கூட அவ்வளவு பத்திரமாகப் படி இறங்கியதில்லை.

எடுத்துக் கொடுப்பவர் கல்லய்யா. பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. கேட்க யாருக்கும் தோன்றவுமில்லை. கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஒரு சாண் நீளமுள்ள செப்புக் குழாயை வயிற்றில் வைப்பார். மறுமுனையில் வாயை வைத்து 'உர்ர்ர்' என்று உறிஞ்சுவார். கண் சிவக்கும், நெற்றி நரம்பு புடைக்கும். சட்டென்று தலையைத் தூக்கிப் பீங்கான் தட்டில் துப்புவார். டிங்! அந்தச் சத்தத்திலேயே பாதிப் பேருக்கு வலி போய்விடும்.

அதோடு விட்டாரா? கல் எப்படி வந்தது என்றும் சொல்வார். சாப்பாட்டினால் இல்லையாம், பித்தத்தினால் இல்லையாம். அடுத்தவருடைய பொறாமைக் கண்தான் உள்ளே போய்க் கல்லாக இறுகுகிறதாம். கறுப்புக் கல் என்றால் சொந்தக்காரர் கண். பழுப்பு என்றால் அக்கம்பக்கத்தார் கண். வெள்ளை வந்தால்தான் விபரீதம். அது ஒரே வீட்டுக்குள் இருப்பவர் கண்! வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தவர்கள், யாரை முறைப்பது என்று தெரிந்துகொண்டு திரும்பினார்கள்.

வலி மறுபடி வந்தால்? அதற்கும் பதில் தயார். புதுக் கண்! பழைய இரும்பு வியாபாரி ஒருவர் பதினோராவது கல்லுக்காகக் காத்திருந்தார். வலியில் முகம் சுருங்கியிருந்தாலும், தன்மேல் பொறாமைப்பட இத்தனை பேரா என்று உள்ளூர அவருக்கு ஒரு பெருமிதம்.

இந்தப் படியில்தான் திங்கட்கிழமை காலை சோபாக்காரர் ஏறினார். வியாழக்கிழமை அவருக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்.

சோபாக்காரர் முப்பது வருஷமாகப் பழைய சோபாக்களுக்கு மறுபிறவி கொடுப்பவர். வயிற்றைக் கிழிப்பார், ஸ்பிரிங்கை மாற்றுவார், நைந்துபோன ஸ்பாஞ்சைப் பிடுங்கி எறிவார், மறுபடி தைத்துப் புதுசாக அனுப்புவார். அப்பேர்ப்பட்டவருக்கு இரண்டு தடவை வலது விலாவுக்குக் கீழே வலி வந்து முதுகுவரை இழுத்தது. ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் இரண்டு கல்.

"நாலு சின்ன ஓட்டைதான். அதுல ரெண்டு மூணு தையல்," என்றார் டாக்டர். "தையலைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?"

டாக்டர் சிரித்தார். சோபாக்காரருக்கு வியர்த்தது. அன்று மத்தியானம் பட்டறைக்குப் போனவர், வயிறு திறந்து, ஸ்பிரிங் வெளியே துருத்திக்கொண்டு கிடந்த மூன்று பேர் உட்காரும் சோபாவைப் பார்த்தார். ஒரு துணியை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அவர் மனைவி சலவைக்கடை நடத்துகிறவர். சட்டைப்பையைத் தடவிப் பார்க்காமல் ஒரு துணியையும் மெஷினில் போட்டதில்லை. நர்ஸ் கொடுத்த தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே டிக் போட்டுக்கொண்டே வந்தார். ரத்தப் பரிசோதனை, ஆச்சு. மார்பு எக்ஸ்ரே, ஆச்சு. முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொள சட்டை, பையில் வைத்தாச்சு. ஒவ்வொரு டிக்குக்கும் சோபாக்காரர் ஒரு அங்குலம் சுருங்கினார்.

"ஏங்க, இந்த வியாழக்கிழமையே வேணுமா? டெலிவரி இருக்கே."

"சோபா ஓடிப் போயிடாது. கல்லு நகர்ந்து போய்க் குழாயை அடைச்சுட்டா அப்புறம் அவசர ஆபரேஷன்தான்னு டாக்டர் சொன்னாரே, காதுல விழலையா?"

விழுந்தது. அந்தக் காது வழியாகத்தான் பயமும் உள்ளே போயிருந்தது.

இந்தச் சமயம் பார்த்து அவருடைய அக்கா வந்து சேர்ந்தார், கையில் டப்பாவோடு.

"எதுக்குடா வயித்துல ஓட்டை போட்டுக்கிறே? இங்க பாரு, எனக்கு எடுத்தது. வலியே இல்ல."

"உனக்கு எப்பக்கா கல் இருந்துச்சு?"

"எடுத்ததுக்கு அப்புறம்தான்டா இருந்ததே தெரிஞ்சுது!"

கறுப்புக் கல். சொந்தக்காரர் கண். அக்கா தன் வீட்டுக்குத் திரும்பி யோசித்து, அது தன் நாத்தனார் கண்தான் என்று முடிவு கட்டிவிட்டார். இருபது வருஷமாகத் தினம் ஒரு தடவை போனில் பேசிக்கொண்டவர்கள். மூன்று மாதமாகப் பேச்சில்லை. பாவம் அந்த நாத்தனாருக்குத் தன் கண் இவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதே தெரியாது.

"கல்லய்யாகிட்ட ஒரு தடவை காட்டிடறேன்," என்றார் சோபாக்காரர், மனைவியின் முகத்தைப் பார்க்காமல். "கல்லு வந்துட்டா ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிடலாம்."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

"போகலாம். நானும் வர்றேன்," என்ற மனைவி, ஃபிரிட்ஜ் கதவிலிருந்து தாளை உரித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். தண்ணீர் பாட்டில் ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

மூவரும் போய்ச் சேர்ந்தபோது கூடம் நிரம்பி வழிந்தது. நடுவில் சிவப்பு வெல்வெட் சோபாவில் கல்லய்யா. எதிரே நோயாளி படுக்க ஒரு பெஞ்சு. எல்லாரும் கல்லய்யாவின் முகத்தைப் பார்த்தார்கள். சோபாக்காரர் சோபாவைப் பார்த்தார். தொழில் புத்தி! மனுஷர் உட்காருவது நடுவில், ஆனால் வெல்வெட் தேய்ந்திருப்பது வலது கைப்பிடி ஓரம். 'ஏன் அங்கே மட்டும் தேயணும்?' என்று யோசிக்கத் தொடங்கினார். அதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பெஞ்சில் படுத்தார். சட்டையைத் தூக்கினார்கள். கல்லய்யா கண்ணை மூடி, வயிற்றின் மேல் காற்றில் கையை ஆட்டினார்.

"பலமான கண்ணு," என்றார். வாயை அதிகம் திறக்காமல் பேசுவது அவர் பாணி. மகான்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று கூட்டம் நினைத்துக்கொண்டிருந்தது. "வெளியாள் இல்ல. நெருங்கின கண்ணு."

அக்கா ஓரக்கண்ணால் தம்பி மனைவியைப் பார்த்தார். தம்பியும் பார்த்தார். பார்த்ததற்காக அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

குழாய் வயிற்றைத் தொடப்போன நேரத்தில் மனைவி எழுந்து வந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம். இதுவும் ஆபரேஷன்தானே?"

"ஆபரேஷனுக்கும் மேல," என்றார் கல்லய்யா.

"அப்படின்னா முறைப்படி செஞ்சுடலாம். ஆஸ்பத்திரியில தாள் கொடுத்திருக்காங்க." தாளைப் பிரித்து உரக்கப் படித்தார். "'வாயில் எதுவும் இருக்கக்கூடாது. பொய்ப்பல் இருந்தால் கழற்றிவிட வேண்டும்.' ஏங்க, வாயைத் திறங்க."

சோபாக்காரர் திறந்தார். மனைவி எட்டிப் பார்த்தார். "இவரு வாய் காலி. இப்ப நீங்க திறங்க ஐயா."

"நானா? நோயாளி நான் இல்லம்மா."

"அங்க டாக்டர் கையால செய்யறாரு, கையைக் கழுவுறாரு. நீங்க வாயால செய்யறீங்க. வாயைக் கழுவ வேண்டாமா? ஒரே ஒரு கொப்பளிப்பு." பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினார்.

கூட்டம் முணுமுணுத்தது. ஆனால் பேச்சில் தப்பு இருப்பதாகவும் யாருக்கும் தெரியவில்லை. சுத்தம் நல்லதுதானே! இரும்பு வியாபாரிகூட, "கொப்பளிச்சுடுங்க ஐயா, தண்ணிதானே?" என்றார்.

கல்லய்யா பாட்டிலை வாங்கினார். கன்னம் ஒரு தடவை அசைந்தது. தண்ணீரை ஊற்றினார். மடக்! தொண்டை மேலே போய்க் கீழே வந்தது. கண்ணில் நீர் தளும்பியது.

"துப்பணும் ஐயா, முழுங்கக்கூடாது," என்றார் மனைவி, அக்கறையாக. "பரவாயில்ல, இன்னொரு தடவை."

இரண்டாவது வாய்த் தண்ணீரைக் கல்லய்யா பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த வாளியில் துப்பினார். வெறும் தண்ணீர். அப்புறம் குழாயை வைத்து உறிஞ்சினார். கண் சிவந்தது, நரம்பு புடைத்தது. தட்டில் துப்பினார். சத்தமே இல்லை. எச்சில் எப்படி 'டிங்' என்று விழும்?

"பிடிவாதமான கண்ணு," என்று மூச்சு வாங்கினார். இப்போது வாய் நன்றாகவே திறந்து பேசியது. "சக்தி இறங்கிப்போச்சு. கொஞ்சம் உட்காரணும்."

சோபாவில் சாய்ந்தார். எல்லாரும் மரியாதையாகத் தலை குனிந்தார்கள். பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்த சோபாக்காரருக்கு மட்டும், கீழேயிருந்து பார்க்கிற கோணத்தில், கல்லய்யாவின் வலது கை தெரிந்தது. அது கைப்பிடி ஓரத்து இடுக்குக்குள் நழுவியது. வெளியே வந்தது. முஷ்டியாகி வாய்க்குப் போனது. கல்லய்யா இருமினார்.

"ம்ம்," என்றார், மறுபடி வாயைத் திறக்காமல். "இப்ப வரும்."

சோபாக்காரர் எழுந்து உட்கார்ந்தார். வெல்வெட் ஏன் அந்த ஓரத்தில் மட்டும் தேய்ந்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஐயா, கொஞ்சம் நகருங்க," என்று சொல்லிவிட்டு, தன் பட்டறையில் செய்வது போலவே இடுக்குக்குள் முழங்கைவரை விட்டார். முப்பது வருஷத்தில் சோபா இடுக்குகளிலிருந்து அவர் எடுக்காத பொருள் இல்லை: சீப்பு, சாவி, மூக்குக்கண்ணாடி, ஒருமுறை வேறொருத்தர் பெயருக்கு எழுதிய காதல் கடிதம். இந்தத் தடவை வந்தது ஒரு துணிப்பை. உள்ளே மூன்று அறை. ஒன்றில் கறுப்புக் கல், ஒன்றில் பழுப்பு, ஒன்றில் வெள்ளை. எல்லாம் பூந்தொட்டியில் போடுகிற கூழாங்கல்.

"தையல் நல்லா இருக்கு," என்றார் சோபாக்காரர், மனப்பூர்வமாக.

"அது என்னுது இல்ல!" என்று கத்தினார் கல்லய்யா. கத்துவதற்கு வாயைத் திறக்க வேண்டியிருந்ததே!

டிங்.

தட்டில் ஒரு கல் உருண்டு நின்றது. வெள்ளைக் கல்.

சோபாக்காரர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டுக்குள் இருப்பவர் கண்! அவர் வீட்டில் இருப்பது இரண்டே பேர். கொப்பளிக்கச் சொன்ன கோபத்தில் அந்த ஆள் பொறுக்கிய நிறம் அது. மனைவி மட்டும் பாட்டிலோடு வராமல் இருந்திருந்தால், ஏதோ ஒரு நிறத்தை நம்பி, யார்மேலோ பழி போட்டுக்கொண்டு, வியாழக்கிழமையையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். கல் வயிற்றுக்குள்ளேயே இருந்திருக்கும்.

"இது எனக்காகப் போட்ட கல்லா ஐயா?" என்று கேட்டார் மனைவி. குரலை உயர்த்தக்கூட இல்லை. கல்லய்யாவின் கை வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது. முதலில் முழுங்கிய கல் அங்கேதானே இருக்கிறது!

"குழாய் உங்க கையிலதான் இருக்கு," என்றார் மனைவி. "உறிஞ்சி எடுத்துக்குங்க."

அப்புறம்தான் கூடம் கலகலத்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். ஒரு அம்மாள் மனைவியைப் பிடித்துக்கொண்டார்: "உன்னால பாரு, போன வலி திரும்ப வந்துடுச்சு! நல்லா இருந்தவளைக் கெடுத்துட்டியே!" இரும்பு வியாபாரிதான் ரொம்ப உடைந்துபோனார். "அப்ப என்மேல யாருமே பொறாமைப்படலையா?" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டே படி இறங்கினார். அவரைத் தடுத்து நிறுத்தி, ஸ்கேன் எடுக்கும் இடத்தின் விலாசத்தைத் தாளின் ஓரத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார் மனைவி.

அக்கா முதல் மாடித் திருப்பத்தில் நின்று போனை எடுத்தார். ரொம்ப நேரம் மணி அடித்தது.

"நான்தான்... ஒண்ணுமில்ல, சும்மாதான்." மறுமுனையில் நாத்தனார் ஏதோ கேட்டார். "இல்லடி, உடம்புக்கு ஒண்ணுமில்ல. புத்திக்குத்தான்."

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. சோபாக்காரர் அன்றைக்கும் பயப்படத்தான் செய்தார். தள்ளுவண்டியில் போகும்போது மனைவியின் விரலை விடவே இல்லை. பயப்படுவது ஒன்றும் குற்றமில்லை. பயத்தைக் கொண்டுபோய் எந்த மாடியில் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. மறுநாள் எழுந்து உட்கார்ந்து, தன் வயிற்றுத் தையலைத் தொழில்காரன் கண்ணோடு பரிசோதித்து, "பரவாயில்ல, சுமாரா போட்டிருக்காரு," என்றார்.

எடுத்த இரண்டு கல்லையும் ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வெள்ளையுமில்லை, கறுப்புமில்லை, பழுப்புமில்லை. மஞ்சள்! பார்க்க வந்த அக்கா குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

"மஞ்சளா இருக்கேடா... இது யார் கண்ணு?"

"யார் கண்ணும் இல்ல அண்ணி," என்றார் மனைவி. "இவரோட கொழுப்பு!"

சுற்றுக்கு வந்த டாக்டர் விளையாட்டு புரியாமல், "ஆமாம், பெரும்பாலும் கொழுப்புதான்," என்று தலையாட்டினார். சோபாக்காரர் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

கல்லய்யா இப்போது வேறொரு தெருவில் கடை விரித்திருக்கிறாராம். சோபா இல்லை, நாற்காலிதானாம். கூட்டத்துக்கு அங்கேயும் குறைவில்லை என்று கேள்வி. அடுத்தவர் கண்ணைப் பார்த்து இவ்வளவு நடுங்குகிற பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் முகத்திலும் இரண்டு இருக்கின்றன. அவற்றை எப்போது திறப்பதாக உத்தேசம்?