ஒன்பது தலையணைகளும் என் பேத்தியின் யுகுலேலேயும்

மதிப்பிற்குரிய கேள்வி-பதில் பக்கத்து ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை. காரணம் தாங்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கையெழுத்தில் வகுப்புக்கே முதல், இந்தக் கடிதத்தைப் பார்த்தாலே தெரியும். என் பேத்தி நாலு கம்பி கட்டிய சின்ன கிட்டார் போல ஒன்று வாசிக்கிறாள். யுகுலேலே என்று பெயர். வருகிற வெள்ளிக்கிழமை பள்ளி மேடையில் தனியாக வாசிக்கப் போகிறாள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தங்களுக்கு எழுதிக் கேட்டாள். அவள் படத்தை நான்தான் அனுப்பினேன். என் மகன் நடத்தும் விடுதியின் வாசலில், பெயர்ப்பலகை நன்றாகத் தெரியும்படி நிற்க வைத்து எடுத்த படம்.

பத்திரிகை வந்ததும் கேள்வியை நாலு தடவை படித்தேன். என்ன அழகான கேள்வி! பதில் தாங்கள் எழுதியதுதானே, அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பத்துப் பிரதி வாங்கி, அந்தப் பக்கத்தைப் பிரித்து, விடுதியின் ஒன்பது அறையிலும் ஒன்பது தலையணை மேல் என் கையாலேயே வைத்தேன். பத்தாவதை வரவேற்பு மேஜையில் ஒட்டினேன். வருகிறவர்கள் என் பேத்தியைப் பார்க்கட்டுமே!

அரை மணி நேரம் ஆகவில்லை, ஆறாம் அறை மருந்துக் கம்பெனிக்காரர் பனியனோடு இறங்கி வந்தார்.

"ஏம்மா, பூச்சி இருக்குன்னு தலகாணி மேலயே எழுதி வச்சுட்டீங்களே, இதுக்கு ஒரு தைரியம் வேணும்!"

அதுவரை அவள் முகத்தையும் கேள்வியையும் தவிர வேறெதிலும் என் கண் போகவில்லை. அப்போதுதான் பார்க்கிறேன்: கொட்டை எழுத்தில் "குதிக்கும் தெள்ளுப்பூச்சி!" என்று தலைப்பு, கீழே எங்கள் பெயர்ப்பலகை, நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு என் பேத்தி. ஹவாய்த் தீவுக்குக் கப்பலில் வந்தவர்கள் இதை வாசித்தார்களாம், அவர்கள் விரல் போன வேகத்தைப் பார்த்துத் தீவுக்காரர்கள் குதிக்கும் தெள்ளுப்பூச்சி என்று பெயர் வைத்தார்களாம். ஐயா, வேகத்துக்கு மான் இல்லையா, குதிரை இல்லையா? அதையெல்லாம் யார் படித்தார்கள்? தலைப்பைப் பார்த்ததுமே ஐந்து அறை காலி. மூன்றாம் அறை அம்மாள் பெட்டியைத் தெருவில் கவிழ்த்து உதறினாள். என் பூனைகூட அவமானம் தாங்காமல் காதைச் சொறிந்துகொண்டே இருக்கிறது.

"ஒம்பது ரூம்லயும் நீயேவா வச்ச?" என்றான் மகன்.

"ஆமாடா. கோணாம வச்சேன்."

அவன் பேத்தியிடமிருந்து யுகுலேலேயை வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டிவிட்டான். "அந்தப் பூச்சிப் பேரே இனிமே இங்க கேக்கக் கூடாது." சாவி அவன் இடுப்பில். பேத்தி இப்போது வெறும் துடைப்பக் கட்டையில் விரலை ஓட்டிப் பழகுகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை ஐயா.

அவளுடைய இசை ஆசிரியை வேறொன்று சொன்னார். அந்தத் தீவின் ராணி, அந்தப் பெயருக்கு "இங்கே வந்து சேர்ந்த பரிசு" என்று பொருள் சொன்னாராம். ராணி சொன்னதை விட்டுவிட்டுப் பூச்சியைப் பிடித்தீர்களே, இது நியாயமா? வியாழக்கிழமை இதழில் "பரிசு" என்று அந்தப் பூச்சித் தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் திருத்தம் போட வேண்டும். எங்கள் விடுதியிலும் வீட்டிலும் ஒரு பூச்சியும் இல்லை என்பதையும் சேர்த்துப் போடவும். அதைக் காட்டினால்தான் என் மகன் அலமாரியைத் திறப்பான்.

தங்கள் பேனா வற்றாமல் இருக்கட்டும். அடுத்த முறை எழுதுமுன் கொஞ்சம் யோசிக்கவும் செய்யட்டும் என்று வாழ்த்தும்,
கேள்வி கேட்டவளின் பாட்டி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது, மகன் வரச்சொல்லியிருந்த பூச்சிமருந்து அடிப்பவர் வந்துவிட்டார். ஒன்பது அறையிலும் ஒன்றும் இல்லை. கடைசியாக, பின்கட்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் என் அறைக்குள் போனவர், என் தலையணையைத் தூக்கி, "பாட்டி, குடும்பத்தோட இங்கதான் இருக்காங்க. உங்க பூனை கூட்டிட்டு வந்த விருந்தாளிங்க!" என்றார். மகன் என்னையே பார்த்தான். பழி என் பூனை மேல் போய்விட்டதால், நேரே போய் அலமாரியைத் திறந்து யுகுலேலேயைப் பேத்தியிடம் கொடுத்தான். ஆகையால் திருத்தம் எதுவும் போட வேண்டாம். மேடையில் இரண்டு அர்த்தத்தையும் சொல்லிவிட்டுத்தான் வாசிப்பாளாம். இரண்டுக்கும் வீட்டிலேயே சாட்சி இருக்கிறதாம்: பூச்சிக்கு என் தலையணை, வந்து சேர்ந்த பரிசுக்கு அவள் கைக்கே திரும்பி வந்த யுகுலேலே.