சமையலறை வகுப்பின் வருகைப் பதிவேடு

எங்கள் அலபாமாவில் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்க விரும்புகிறவர்கள் பலரும் செய்கிற முதல் காரியம், அந்தப் பிள்ளையை ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. இதில் குழப்பம் ஒன்றுமில்லை. திருச்சபை ஒரு பள்ளியை நடத்தும். பிள்ளையின் பெயர் பள்ளியில் இருக்கும், பிள்ளை வீட்டில் இருக்கும். எங்கள் பிள்ளைகளை அரசாங்கம் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக நாங்கள் பிடித்துக்கொண்ட வழி இது.

எங்கள் பைனி ஃபோர்க் சபைப் பள்ளி, பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் அறையில், இரண்டு இழுப்பறை கொண்ட ஓர் இரும்பு அலமாரியாக இயங்கிவந்தது. மேல் இழுப்பறையில் நாற்பத்து மூன்று குடும்பங்களின் தொண்ணூற்றேழு மாணவர்கள். கீழ் இழுப்பறையில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கான மேய்ப்பர் தாடிகள்.

தலைமையாசிரியர் ஒரு வருகைப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டர் மர்ட்டல் பதினெட்டு வருஷம் அந்தச் சட்டத்தை மதித்தார். ஆகஸ்டில் ஒரு மதியம் ஐஸ் டீயோடு உட்கார்ந்து, வரப்போகும் வருஷம் முழுமைக்கும் எல்லாருக்கும் 'ஆஜர்' போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். தீர்க்கதரிசன வரம் பெற்ற பெண்மணி. அவர் மகளோடு இருக்க ஃபுளோரிடாவுக்குப் போய்விட, அந்த இடத்துக்கு பிரதர் ஓடெல் டட்டில் வந்து சேர்ந்தார். ராணுவத்தில் இருபத்தாறு வருஷம் காலுறைக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். ஒரு ஜோடிகூடத் தொலைந்ததில்லையாம்.

பொறுப்பேற்ற இரண்டாம் நாளே எனக்கு போன் செய்தார்.

"பிரதர் ஹாலிஸ், உங்க பொண்ணு டெஸ்ஸா நேத்து எங்க இருந்தா?"

"வீட்டுலதான்."

"வீட்டுல எங்க?"

"சமையல்கட்டு மேசையில. அல்ஜீப்ரா போட்டுக்கிட்டிருந்தா."

"நடுவுல எந்திரிச்சுப் போனாளா?"

"ஃப்ரிட்ஜ் வரைக்கும் போயிருப்பா."

"வகுப்ப விட்டு வெளிய போனதுக்கு அனுமதிச் சீட்டு இருக்கா?"

"பிரதர், ஃப்ரிட்ஜ் வகுப்புக்குள்ளதான் இருக்கு."

"அப்ப வகுப்பு நேரத்துல சாப்பிட்டாள்னு ஆகுது," என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

வேறொரு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் டெஸ்ஸாவுக்கு ஜனவரியில் பதினைந்தரை வயது ஆகும். அப்போது பழகுநர் உரிமம் வாங்கினால்தான் ஆறு மாதம் கழித்து, பதினாறாவது பிறந்தநாளில், தனியாக வண்டி ஓட்ட முடியும். எங்கள் வீட்டிலிருந்து மனிதர்கள் இருக்கும் இடத்துக்குப் பதினொரு மைல். அந்தப் பதினொரு மைலையும் என் மனைவி ரோவீனா ஓட்டினால், பின்னால் வரும் டிராக்டர்கள் ஹாரன் அடிக்கும். தனியாகப் போவது என்பது என் மகளுக்குப் பரலோகத்துக்கு அடுத்தபடியான இடம். அந்த உரிமத்துக்கு, பிள்ளை பள்ளியில் படிக்கிறது என்று தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும். கையெழுத்தோ ஓடெல் டட்டிலின் கையில் இருந்தது.

புதன்கிழமை சபை விருந்தில் அவர் எழுந்து நின்று, நூற்றுக்கு நூறு வருகை இல்லாத எவருக்கும் பள்ளி எந்தச் சான்றும் வழங்காது என்று முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன். பீச் பழ கோப்ளர் பலகாரம் ஆறிக்கொண்டிருந்தது. யாராவது வழிமொழியாமல் எங்கள் சபையில் எதையும் பரிமாற மாட்டார்கள்.

மறுநாளிலிருந்து காலை எட்டு மணிக்கு ரோவீனா சமையலறையில் நின்று, எதிரே ஓட்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரே பிள்ளையைப் பார்த்து, "டெஸ்ஸா ப்ரூயிட்," என்று கூப்பிடுவாள்.

"ஆஜர் அம்மா."

"வராதவங்க யாராவது?"

"டாடி. மாவு மில்லுக்குப் போயிட்டார்."

"அவர் பேரு இந்தப் பட்டியல்ல இல்ல."

பிறகு படிவம். வகுப்பறையின் வெப்பநிலை, மாணவர் அமர்ந்த திசை, ஆசிரியர் மாணவரைக் கண்ணால் கண்ட நேரம், மாணவர் ஆசிரியரைக் கண்ணால் கண்ட நேரம். எழுதி முடித்து, போட்டோ எடுத்து, அனுப்பி, திரும்பி வந்ததைத் திருத்தி அனுப்புவதற்குள் மதியம் ஆகிவிடும். அல்ஜீப்ராவை நாளைக்குத் தள்ளிவைப்பார்கள். நாளைக்கும் பதிவேடு உண்டு.

அக்டோபரில் டெஸ்ஸாவுக்குக் காய்ச்சல். வகுப்பறையிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிப் படுத்திருந்தாள். வராததற்குப் பெற்றோரிடமிருந்து ஆசிரியருக்குக் கடிதம் வேண்டுமாம். அது இருந்தால் நாள் கணக்கில் குறையாதாம். ரோவீனா உட்கார்ந்து, 'மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, என் மகளுக்குக் காய்ச்சல் என்பதைத் தாங்கள் அறிவீர்கள், ஏனென்றால் இரவெல்லாம் ஈரத்துணி போட்டவர் தாங்கள்தான்' என்று எழுதினாள். கீழே பெற்றோராகக் கையெழுத்திட்டாள். அதற்கும் கீழே, பெற்றுக்கொண்டேன் என்று ஆசிரியராகக் கையெழுத்திட்டாள்.

ஓடெல் அதைத் திருப்பி அனுப்பினார். இரண்டு கையெழுத்தும் சந்தேகப்படும்படி ஒரே மாதிரி இருந்ததாம்.

"நான்தான் ரெண்டு பேரும்!" என்றாள் ரோவீனா போனில். அவள் கத்தி நான் கேட்டது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் முறை.

"அப்படின்னா சிஸ்டர், ஒருத்தர் இன்னொருத்தரை நேர்ல சந்திச்சதுக்கு ஒரு சாட்சி வேணும்."

சாட்சிக் கையெழுத்தை நான் போட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

நவம்பரில் மான் வேட்டைக் காலத்தின் முதல் நாள் வந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் பாஸ்டரே வீட்டில் இருக்க மாட்டார். தொண்ணூற்றேழு மாணவர்களில் தொண்ணூற்றொரு பேர் விடிவதற்கு முன்பே காட்டில், மரத்து மேல், பரணில். ஆறு பேருக்கு அம்மை. பதிவேட்டைப் பிடித்தபடி ஓடெல் கலங்கிப் போனார். இத்தனை பேருக்கும் வராதவர் குறி போட வேண்டும். அதில் அவருடைய பேரன்கள் மூன்று பேர். மூவரும் காட்டில்தான் இருந்தார்கள் என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அதே பரணில் அவரும் இருந்தார்.

அவசரக் கூட்டம் கூடியது. காடும் பள்ளியின் வகுப்பறையே, அதன் 'வனக் கிளை' என்று தீர்மானம் நிறைவேற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு கிளை திறந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மீன் குளம், கோழிப்பண்ணை, சிஸ்டர் வைனெல்லின் அழகு நிலையம் என்று தீர்மானங்கள் வரிசையாக வந்தன. கிறிஸ்துமஸுக்குள் எங்கள் பள்ளிக்கு அறுபத்தோரு கிளைகள். அலமாரி மட்டும் அதே ஒன்றுதான்.

ஜனவரியில் டெஸ்ஸா எங்களோடு ஓடெலிடம் போய் நின்றாள். நூற்றுக்கு நூறு. ஒரு நாள் பிசகில்லை.

"பாராட்டுக்கள்மா," என்றார் அவர். "உரிமத் தேர்வு எப்ப?"

"இந்த ஊர்ல செவ்வாய்க்கிழமை மட்டும்தான் சார். எட்டுலேருந்து மூணு."

"அது பள்ளி நேரமாச்சே."

"ஆமா சார்."

"நீ அங்க போனா இங்க வராதவ ஆயிடுவ. வராதவளுக்குச் சான்று கிடையாது."

"அந்த ஆபீசையும் ஒரு கிளையா ஆக்கிடுங்க சார்."

ஓடெல் முகம் கறுத்தது. "அது அரசாங்கக் கட்டடம்மா. அரசாங்கக் கட்டடத்துல படிக்கக் கூடாதுன்னுதானே உங்க அப்பா உன்னை இங்க சேர்த்தார்?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதாள். ரோவீனா ஓட்டியதால் அழ நிறைய நேரம் கிடைத்தது. எனக்கு மனசு தாங்கவில்லை. பெற்ற பிள்ளை கேட்டது வானத்தையா? ஒரு தாள். அன்று சாயங்காலமே ஓடெல் வீட்டுக்குப் போய், இதற்கு ஒரு வழி சொல்லாமல் கதவை விட்டு நகர மாட்டேன் என்று நின்றேன். அவரும் கல்நெஞ்சர் இல்லை. விதிமுறைகளை முன்னும் பின்னும் புரட்டி, கடைசியில் கண்டுபிடித்தார்: ஒரு மாணவி போனால்தான் வராதவள். பள்ளியே போனால் அது கல்விச் சுற்றுலா.

ஆகவே அடுத்த செவ்வாய்க்கிழமை பைனி ஃபோர்க் சபைப் பள்ளி முழுவதும் உரிம அலுவலகத்துக்குப் புறப்பட்டது. முப்பத்தெட்டு வண்டிகள். மசாலா அடைத்த முட்டை, பொரித்த கோழி, மடக்கு நாற்காலிகள், கைக்குழந்தைகள். ஓடெல் விசில் ஊதி, பிள்ளைகளை உயர வாரியாக வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டார். தொண்ணூற்றேழு 'ஆஜர்.' டெஸ்ஸா வளர்ந்த பெண் என்பதால் வரிசையின் கடைசியில் நின்றாள். டோக்கன் கொடுக்கும் இயந்திரத்தைச் சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு தடவை அழுத்திப் பார்த்ததில் அவளுக்குத் தொண்ணூற்றேழாம் எண் கிடைத்தது.

மதியம் இரண்டு மணிக்கு அவள் எண் வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அலுவலர் அம்மா அந்த ஒற்றைத் தாளைப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்த்தாள், முத்திரை குத்தினாள். ஓடெல் இருநூற்றுப் பதினான்கு பக்கப் பதிவேட்டை இரு கையாலும் தூக்கி ஜன்னலில் வைத்தார்.

"இது என்னங்க?"

"வருகைப் பதிவேடு, மேடம். முழுசா இருக்கு."

"அதை யாரு கேட்டா?" என்று சொல்லி அதைத் திரும்பத் தள்ளிவிட்டு, அந்த அம்மா டெஸ்ஸாவைத் தேர்வுக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள்.

முப்பது கேள்வி. இருபத்து நான்கு சரியாக இருக்க வேண்டும். சிஸ்டர் வைனெல் முழங்காலில் நின்றே விட்டாள். பத்து நிமிஷத்தில் திரை சிவப்பாகி, பதினொன்று என்று காட்டியது.

ஓடெல் மெதுவாகப் போய் அவள் தோளில் தட்டினார். "கவலைப்படாதம்மா. வருகை அப்படியே நூறுதான் இருக்கு."

ஜன்னல் அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்து, "ஏன் கண்ணு, இத்தனை மாசத்துல ஒரு தடவையாவது அந்தச் சாலை விதிப் புத்தகத்தை எடுத்துப் படிச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

டெஸ்ஸா திரும்பி ரோவீனாவைப் பார்த்தாள், ஓடெலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

"படிக்க நேரம் எங்க மேடம்? தினமும் பள்ளிக்கூடம் இருந்துச்சே."

பின்னால் உயர வாரியாக நின்ற தொண்ணூற்றாறு பிள்ளைகளும் ஒரே குரலில், "ஆமென்," என்றார்கள்.